மேல்குளத்து மடை

ஆகாசு ராஜா போரை நினைத்து நடுங்கியபோது
தீர்க்கதரிசி அவனைப் போய்ப் பார்த்த இடம்
அரண்மனை இல்லை, ஆலயமும் இல்லை.
மேல்குளத்து மடை.
துணி வெளுக்கிற துறைக்குத் திரும்பும் முக்கு.
முற்றுகை வந்தால் தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும்
என்று பார்க்க வந்திருப்பான்.
வேதக்கண் உபதேசியார் அங்கே நிற்பதில்லை,
அடையாளத்துக்கு நேரே போய்விடுவார்:
ஒரு பெண், ஒரு கர்ப்பம், ஒரு பெயர்.
எனக்கு மடையிலேயே மனசு நின்றுவிடும்.
படை வேண்டி நின்றவனுக்குப்
பிள்ளைத்தாய்ச்சியைக் காட்டிய கடவுள்.

நான் செவிலி. துணை சுகாதார நிலையம், பெத்லகேம்.
சிரிக்காதீர்கள், மிஷன் காலத்துப் பேர்.
திசையன்விளையிலிருந்து மினிபஸ் இரண்டு நடை,
தேரிமணல் ரோட்டை மூடினால் ஒன்று.
தாலுகாவில் எங்களைவிடச் சின்ன ஊர் இல்லை.
மீகா சொன்னதை நாங்கள்
தபால்காரர் விலாசம் வாசிப்பதுபோலக் கேட்போம்.

என் வேலையும் வரப்போவதைச் சொல்வதுதான்.
கடைசியாய்க் குளித்த தேதி, ஒன்பது மாதம், ஏழு நாள்.
அட்டையில் சிவப்பு மையில் எழுதித் தருவேன்.
பாதி பலிக்காது.
முன்னால் வரும், பின்னால் வரும்,
ஒன்றிரண்டு வராமலே போகும். அதற்கு வேறு பதிவேடு.
அவர்களிடம் தேதியே இல்லை.
எழுநூறு வருஷம் முன்னால் ஊரை மட்டும் சொன்னார் ஒருவர்.
பிறகு வந்தவர் கழுதைக்குட்டியை.
இன்னொருவர் காயங்களை,
கட்டுப் பிரித்துக் கழுவியவர்போல.
யாரும் பிரசவத்துக்கு இருக்கவில்லை.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு, கீத ஆராதனை.
ஏழாம் பாடம் என்னுடையது.
தீர்க்கதரிசிகள் முடிந்து சுவிசேஷம் தொடங்குமுன்
எங்கள் கோயில் பிரதியில் ஒரு வெற்றுத்தாள்.
நானூறு வருஷ மௌனம் என்பார் வேதக்கண்.
அதில் யாரோ பென்சிலால்
வெள்ளையடித்த கணக்கு எழுதியிருக்கிறார்கள்:
கிளிஞ்சல் மூணு மூட்டை, பாக்கி பதினொரு ரூபாய்.
அதைத் திருப்பும்போது போன் அதிர்ந்தது.

இசக்கித்தாய். அட்டைப்படி இன்னும் பத்தொன்பது நாள்.
'கணவர் பெயர்' கட்டம் காலி.
அன்றைக்குக் கேட்டபோது கட்டத்தையே பார்த்திருந்தாள்.
பிறகு, "அதுல ஒரு கோடு போட்டுருங்கக்கா" என்றாள்.
நான் போடவில்லை.
எபிரேயச் சொல் கன்னியையா, இளம்பெண்ணையா என்று
பாளையங்கோட்டையில் படித்தவர்கள் சண்டை போடுவார்கள்.
இவளுக்கு ஊர் வேறொரு சொல் வைத்திருக்கிறது,
அதை நான் எழுதமாட்டேன்.

பிரஷர் ஏறியிருந்தது. ஐகிரவுண்டுக்குத்தான் போகணும்.
நூற்றெட்டைப் பலவேசம் பறத்தினான்.
நாங்குநேரியைத் தாண்டவில்லை.
"இங்கனயே நிறுத்துங்க" என்றேன்.
பெரியகுளத்துக் கரை, மடைப்பக்கம்.
கால்வாசித் தண்ணீர்.
பலவேசம் டார்ச்சைப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு
முகத்தைக் குளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

எட்டே முக்கால். பெண். இரண்டு கிலோ நூறு.
முதலில் அழவில்லை.
உள்ளங்காலைச் சுண்டினேன்.
நானூறு வருஷம் எவ்வளவு நீளம் என்று
சுண்டச் சுண்டத் தெரிந்தது.
பிறகு அழுதாள்.
மடைக்குள் தவளைகள் வாய்மூடின.

இது அந்தப் பிள்ளை இல்லை. தெரியும்.
ஊர் தப்பு, ஆணும் இல்லை,
வம்சம் கேட்டால் ஒரு கோடுகூட இல்லை.
அந்தப் பிள்ளை வந்தாயிற்று என்றுதான்
நானும் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறேன்.
ஆனாலும் பலவேசம் கண்ணைத் துடைத்ததையும்
டார்ச் கொஞ்சநேரம் ஆடியதையும் பார்த்தேன்.
ராஜா அன்றைக்கு அடையாளம் வேண்டாம் என்றானாம்.
இவன் கேட்கவே இல்லை.

ஏழாம் பாடத்தை யாரும் வாசிக்கவில்லையாம்.
வேதக்கண் நேரே எட்டுக்குப் போய்விட்டாராம்.

திங்கட்கிழமை பதிவேடு.
பிறந்த இடம்: கட்டம் சின்னது.
மடை என்று எழுதினேன்.
கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பையன் கேட்பான்,
அது எந்த ஆஸ்பத்திரி என்று.